திருப்பிக் கொடுக்க வேண்டிய பின்னல்கள்

நூறு வருசமாகப் பெட்டிக்குள் காய்ந்து கிடந்த தலைமயிர்ப் பின்னல்களில் ஒன்று ஈரமாக இருந்தது. சேயோன் அதைக் கையுறையோடு தூக்கிப் பார்த்தான். இப்போதுதான் முழுகிவிட்டு வந்த பிள்ளையின் தலை மாதிரி, நுனியில் ஒரு துளி, மலிவுச் சவுக்காரத்தின் மணம். கூரை ஒழுகவில்லை. வேறு காரணம் தேட அவனுக்குத் தெம்பில்லை. மனைவி தக்சாயினி செத்த பிறகு எதையும் இரண்டாம் தடவை யோசிப்பதை அவன் விட்டுவிட்டான்.

ஜேர்மனியின் வுப்பர்டால் மலைச்சரிவில் இருந்த அந்தப் பழைய கன்னியர் மடத்தில், பொருட்களைப் படம் எடுத்துப் பொதி செய்கிற வேலை அவனுக்கு. இங்கிருந்து போன சகோதரிகள் ஒரு காலத்தில் கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார்கள். தாய் தகப்பனிடமிருந்து பிடுங்கி வந்த முதல் நாளே பின்னலை வெட்டி, பெட்டியில் போட்டு இங்கே அனுப்பினார்கள். சொந்த மொழியில் வாய் திறந்தால் உள்ளங்கையில் பிரம்படி. வீடு திரும்பாத பிள்ளைகளும் உண்டு. நாளை அவர்களுடைய சனம் வருகிறது. மடம் மன்னிப்புக் கேட்டு, பின்னல்களைத் திருப்பிக் கொடுக்கப்போகிறது.

கிண்டர்கார்டன் பூட்டு என்பதால் மகள் சாரங்காவையும் கூட்டி வந்திருந்தான். ஐந்து வயது. தாய் போனதிலிருந்து அவள் வாயில் தமிழ் இல்லை, ஜேர்மன்காரரின் டொச் மட்டும்தான். தமிழில் கேட்டால் விளங்கும், பதில் வராது. தக்சாயினியின் சாயலில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் அவள் வாயிலிருந்து வந்தால் போதும். அதற்காகத்தான் அவன் காலையில் எழும்புகிறான்.

மடத்திலிருந்த மன்னார்க்காரி டெல்சி சிஸ்டர் தேத்தண்ணியோடு வந்தா.

"மோளை என்னட்டை விட்டிட்டு வேலையைப் பாருங்கோ தம்பி. நாங்கள் பிள்ளைபிடிகாரர் இல்லை."

சொல்லிவிட்டு அவவே பெட்டிகளைப் பார்த்தா. சிரிப்பு பாதியில் நின்றது.

"இப்ப இல்லை."

"என்னோடையே இருக்கட்டும் சிஸ்டர்."

"ஓம். கெதியா முடிச்சுப்போட்டு வெளிக்கிடுங்கோ. இந்த அறையிலை நான் செபம் தொடங்கினா எல்லாம் கப்சிப் ஆகுது. அதுக்கு முதல் என்ன சத்தம் இருந்தது எண்டுதான் தெரியேல்லை."

பின்னேரமே இருட்டிவிட்டது. ஹீற்றர் குழாய் சூடேறி முனக, ஜன்னலுக்கு வெளியே மழை மெல்லப் பனியாக மாற, அவன் கடைசிப் பெட்டியை மூடும்போது காகிதத்துக்கு அடியில் ஏதோ உரசியது. நித்திரை வராத பிள்ளைகள் கட்டிலில் புரள்வதுபோல அந்த உரசல் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நகர்ந்து, சுவரோரம் முழுக்கப் பரவியது. சாரங்கா விளையாட்டை நிறுத்தினாள். அவன் லைட்டை அணைத்து அவள் கையைப் பிடித்தான்.

"போட்டு வாறம்," என்றான். வாய்ப்பழக்கம்.

செத்த வீட்டில் சொல்லக் கூடாத சொல். திரும்பி வருவோம் என்கிற வாக்கு அது. தக்சாயினியை எரித்த அன்றுகூட நாக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் வெளிக்கிட்டவன். இங்கே சொல்லிவிட்டான். அதுவும் அந்தப் பிள்ளைகளை அடித்தவர்களுக்குத் தெரியாத ஒரு மொழியில்.

உரசல் நின்றது. யாரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற அமைதி.

காரில் அவளைப் பின்சீற்றில் இருத்திப் பட்டியைப் போட்டான். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. கண்ணாடியெல்லாம் உட்பக்கம் ஆவி படிந்தது. இரண்டு பேரின் மூச்சுக்கு இவ்வளவு வராது.

சரிவின் வளைவில் பின்னாலிருந்து பேச்சு. சாரங்காவின் குரல். டொச் இல்லை. அவன் நெஞ்சு துள்ளியது.

தமிழும் இல்லை.

ஓரமாக நிறுத்தித் திரும்பினான்.

"குஞ்சு, என்னம்மா சொல்லுறியள்? அப்பாவோடை கதையுங்கோ."

பேச்சு அறுந்தது. பிடிபட்ட பிள்ளையின் முகம். கண்களை இறுக மூடினாள். இரண்டு உள்ளங்கைகளையும் அவனுக்கு முன்னால் நீட்டினாள்.

"இல்லையம்மா. அப்பாதான். அப்பா."

கைகள் இறங்கவில்லை. உள்ளங்கையில் ஒரு சிவப்புத் தடிப்பு எழும்பியது. ஒருவரும் அடிக்கவில்லை. பிறகு இன்னொன்று.

அவளுக்குப் பக்கத்து வெறும் சீற்றில், இருட்டுக்குள்ளிருந்து, இன்னொரு சோடி சின்னக் கைகள் நீண்டன. அதற்கப்பால் இன்னொரு சோடி.