நாலே கால்

வார்டு கணினியில் நேரம் தப்பாகக் காட்டுகிறது என்று நர்ஸ் கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். அங்கேதான் அக்கா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். வேலை சாக்கில் அவளையும் பார்த்துவிடலாம்.

மதியம் இரண்டு மணி. ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். மருந்து நெடியோடு வார்டு மங்கிக் கிடந்தது. மற்ற கட்டில்கள் காலி.

"வாடா, கம்ப்யூட்டர் டாக்டரு!" என்று அக்கா சிரித்தாள்.

மூலையில் இருந்த லினக்ஸ் கணினி நாலே கால் என்று காட்டியபடி நின்றிருந்தது. நேர மண்டலம் சரியாகத்தான் இருந்தது. இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்து, உள்கடிகாரத்திலும் பதித்துவிட்டு மறுபடி இயக்கினேன்.

நாலே கால்.

உள்ளே இருந்த பட்டன் பேட்டரியை மாற்றினேன்.

நாலே கால்.

நர்ஸ் என் காதருகே குனிந்தார். "தம்பி, போன வாரமும் இப்படித்தான் ஒரே நேரத்துல நின்னுச்சு. சரியா அந்த நேரத்துக்கு ஜன்னலோரத்துப் பெரியவர் போயிட்டாரு. அதுக்கு முன்னாடி ஒரு அம்மா."

இப்போது வார்டில் இருப்பது அக்கா மட்டும்தான்.

ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தேன். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, "அவங்க நல்லா இருக்காங்க. நீங்கதான் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மனசு கேட்கவில்லை. நேர மண்டலத்தைக் கடல் தாண்டி மேற்கே ஏதோ ஓர் ஊருக்கு மாற்றினேன். திரையில் காலை நேரம் வந்தது. அப்பாடா என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏன்டா உனக்கு இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்லக்கா. நீ தூங்கு."

தூங்கினாள். கணினியின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சுவர்க்கடிகாரத்தில் நாலே கால் ஆனது. விசிறிச் சத்தம் நின்றது.

அவள் கை சில்லிட்டது.

மண்டலத்தை மாற்றினால் காட்டும் மணிதான் மாறும், உள்ளே ஓடும் நேரம் மாறாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். பாவி, எனக்கே மறந்துபோனது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வீட்டில் என் மேசைமுன் உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அக்கா ஏதாச்சும் சாப்பிட்டாளாடா?"

அணைத்து வைத்திருந்த என் மடிக்கணினியின் விசிறி மெல்லச் சுழலத் தொடங்கியது.

சுவரில் மணி ஏழு. திரையில் எட்டரை.