காற்றிளவரசனைக் கொன்றது யார்?

"என் இளவரசனைக் கொன்னுட்டாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் உள்ளே வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். கூடவே அலையும் அவருடைய மைத்துனருக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை. ஊருக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது.

"உடல் எங்க கிடக்கு?" என்று மைத்துனர் நோட்டைத் திறந்தார்.

"தியேட்டர்ல."

அந்த அம்மாள் நாவலாசிரியர். காற்றுலகத்து இளவரசன் பூட்டு ரிப்பேர் செய்யும் ஒரு பெண்ணைக் காதலிக்கும் அவருடைய நாவலைப் படித்து அழாத பெண்கள் விடுதியே கிடையாது. நாவலில் இருவரும் சேர்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை வெளியான படத்திலோ, இளவரசன் அவள் வாசலுக்கு வந்ததும் பொசுக்கென்று செத்துவிடுகிறான்.

"செத்தது போதாதுன்னு அவ எண்பது படி இறங்கி வர்றா சார், ஆடி அசைஞ்சு. ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்குது. என் கதையில அவளுக்குத் தரையோட தரையா ஒரே அறை. படிக்கட்டு எங்கிருந்து வந்துச்சு?"

அவர் ஒரு தாளை நீட்டினார்.

"படத்துக்குக் கொடுத்த கதைச்சுருக்கம். கடைசிப் பக்கம். எழுதினது என் தங்கச்சி. நான் ஜுரத்துல கிடந்தப்ப அதை டைப் அடிச்சு, கையெழுத்துக்குப் படக் கம்பெனியிலிருந்து கவர் வந்துச்சு. பிரிக்காமலே என் கையில கொடுத்துட்டு வெந்நீர் வைக்க ஓடினா. நானும் படிக்காம கையெழுத்துப் போட்டேன். அவன் செத்தாத்தான் கதை நிக்கும்னு அஞ்சு வருஷமா என்கூடச் சண்டை போட்டவ அவ. 'நீதானேடி மாத்தினே'ன்னு கேட்டுட்டேன். அன்னையிலிருந்து பேச்சில்லை. வேற ஊருக்கு மாற்றல் வாங்கிட்டா, நாளைக்குக் கிளம்பறா. அவ செய்யலைன்னா எனக்கு இன்னிக்கே தெரியணும்."

"தங்கச்சிக்கு என்ன வேலை?"

"பதிப்பகத்துல பிழை திருத்தறா. பதினேழு வருஷமா."

"தங்கச்சியேதான் அத்தான்! காரணம் இருக்கு, சந்தர்ப்பம் இருக்கு!" மைத்துனர் துள்ளினார்.

"உட்காருங்க மாப்ளே."

நிதானம் தாளையும் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நாவல்ல, 'அவள் வாசலில் அவன் இரந்தான்.' கெஞ்சினான். 'அவள் இரங்கினாள்.' மனசு இளகினா. ரெண்டும் சின்ன ர. இந்தத் தாள்ல ரெண்டும் பெரிய ற. அவன் செத்துட்டான், அவ கீழே இறங்கிட்டா. இறங்கணும்னா படி வேணுமே, கட்டிட்டாங்க."

"தங்கச்சி வேணும்னே மாத்தியிருந்தா?"

"அவனைக் கொல்ல ஒரு காரணம் சொல்லலாம். அவளை இறக்கி யாருக்கு என்ன ஆகப்போகுது? ரெண்டும் ஒரே மாதிரித் தப்பு மாப்ளே. கண்ணால பார்த்து எழுதினவர் செய்யறதில்ல, காதால கேட்டு எழுதினவர் செய்யறது. ர, ற பார்த்தே கண்ணு பூத்துப்போனவ இப்படி டைப் அடிப்பாளா? அடிச்சவர் நாவலைத் திறந்தே பார்க்கலை. பார்த்திருந்தா படிக்கட்டு வந்திருக்காது."

அவர் இயக்குநருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நாவலை நான்கு தடவை படித்ததாகப் பேட்டிக்குப் பேட்டி சொன்ன மனிதர்.

"கதைச்சுருக்கத்தை நாவலாசிரியரோட தங்கச்சி போன்ல வாசிச்சாங்க. நீங்க அடிச்சீங்க. சரியா?"

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஆமா சார். அக்காவுக்கு மருந்து வாங்க வரிசையில நின்னுக்கிட்டே வாசிச்சாங்க. நான்தான் அடிச்சு அனுப்பினேன்." குரல் இறங்கியது. "நாவலை நான் படிக்கலை. மானம் போகுது. ஒரு கதவும் ரெண்டு நடிகர்களும் போதும், கடைசிக் காட்சியைத் திரும்ப எடுத்துடறேன். இந்தத் தடவை படிச்சுட்டு."

நாவலாசிரியர் அதற்குச் சந்தோஷப்படக்கூட இல்லை. "மருந்து வரிசையிலயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அரை மணி நேரத்தில் தங்கையின் வீட்டு வாசலில் நின்றார்கள். உள்ளே பெட்டி இழுபடும் சத்தம். அக்கா கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தான்டி. என் மேலதான் தப்பு. உன் வாசல்ல இரந்து நிக்கிறேன்."

பெட்டிச் சத்தம் நின்றது.

"எந்த ர?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல், அழுகையும் சிரிப்புமாக.

"சின்ன ர."

தாழ்ப்பாள் விலகியது.