சுவரில் நின்றவள்

"பொழுது சாஞ்சா சுவத்துல முக்காடு போட்ட ஒருத்தி வந்து நிக்கிறா சார். வெயில் ஏறினதும் போயிடுறா."

துப்பறிவாளர் எதிரே அமர்ந்திருந்த, தையற்கடை நடத்தும் அப்பெண்ணின் விரல்கள், இல்லாத நூலை நெருடிக்கொண்டிருந்தன. கணவரின் கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலி செல்லுமாறு வாசலை அகலப்படுத்த அவள் எண்ணியிருந்தாள். பக்கத்து வீட்டுப் பேராசிரியரோ தெரு முழுவதையும் மரபுச் சின்னமாக்க விண்ணப்பித்திருந்தார். அறிவித்துவிட்டால் ஒரு செங்கல்லையும் அசைக்க இயலாது. அவரைத் தெருவார் 'சுண்ணாம்பு வாத்தியார்' என்றே அழைப்பர். கணவரின் தம்பிக்கோ வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்ப ஆசை.

"ரெண்டு பேரும் வீட்டை விலைக்குக் கேக்குறாங்க. பேய் வீடு நமக்கு வேணாம், குடுத்துடுன்னு என் வீட்டுக்காரர் அழறார்."

"தம்பிதான் அத்தான்! ஆளைப் பார்க்காமலே சொல்றேன்," என்றார் துப்பறிவாளரின் மைத்துனர்.

"பார்த்தா மட்டும் சரியாச் சொல்லிடுவீங்களா? கிளம்புங்க மச்சான்."

அந்தியில் நோயாளியின் கட்டிலருகே அனைவரும் கூடினர். நாள்தோறும் அண்ணனுக்கு உணவூட்ட வரும் தம்பி, செய்தித்தாள் வாசித்துக்காட்ட வரும் பேராசிரியர், இருவரும் இருந்தனர். விளக்கேற்றவில்லை. தெருப்பக்கத்து வெண்சுவரில் மெல்ல ஒரு கருமை ஊறியது. வளைந்த தலை, அகன்ற போர்வை. கட்டிலில் கிடந்தவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

மைத்துனர் துணிந்து அதைத் தொட்டு, விரலை நாவில் வைத்தார். "உப்புக் கரிக்குது! பேய்க்கு வியர்க்குமா அத்தான்?"

துப்பறிவாளர் சுவரைத் தட்டினார். உருவத்துக்குள் ஓர் ஓசை. வெளியே வேறோர் ஓசை.

"உருவத்துக்குள்ளே சிமெண்ட், சுத்திலும் பழைய சுண்ணாம்புப் பூச்சு. ரெண்டுக்கும் மேலே ஒரே வெள்ளையடிப்பு. யாரோ உப்புத் தண்ணியைப் பூசியிருக்காங்க. சாயங்காலம் காத்துல ஈரம் ஏறினா உப்பு அதை இழுத்துக் கறுக்கும். ஆனா பழைய பூச்சை உப்பு அரிச்சிடும். இடிக்க நினைக்கிறவர் அதுக்குக் கவலைப்படுவாரா? ஒரு சொட்டுகூட பழைய பூச்சுமேல படாம பூசின கை, அதை உயிரா நினைக்கிற கை. இல்லையா வாத்தியாரே?"

பேராசிரியர் தலை கவிழ்ந்தது. "வாசலை உடைச்சிடுவாங்களேன்னு பயந்து, இவர் தூங்கறப்போ பூசினேன். நானே வாங்கிக் காப்பாத்தலாம்னுதான்..."

"சுவத்தைத் தொட உங்களுக்கு மனசு வரலை," என்றாள் அவள். "படுத்துக் கிடக்கிற மனுஷனைப் பயமுறுத்த மட்டும் வந்துச்சா?"



"இந்த உருவத்தோட தலை ஏன் வளைஞ்சிருக்குன்னு கேளுங்கம்மா," என்றார் துப்பறிவாளர். "அது அடைச்சுப்போட்ட பழைய வளைவு வாசல். நாற்காலி போற அகலம்; திறந்தா நேரே தெரு. இருந்த வாசலைத் திறக்க மரபுக் குழு தடை சொல்லுமா?"

"சொல்லாது," என்றார் பேராசிரியர், தாழ்ந்த குரலில். "குழு முன்னாடி நானே பேசறேன்."

அவர் சென்றபின்னும் அவ்வுருவம் சுவரில் கறுத்துக்கொண்டேதான் இருந்தது. ஊறிய உப்பு உடனே நீங்குவதில்லை. அவள் விளக்கேற்ற எழுந்தாள்.

"இருக்கட்டும்," என்றார் கணவர், கண்களைத் திறந்து. "அவ நிக்கிற வழியாத்தானே நான் வெளியே போகப்போறேன். கொஞ்சம் பாத்துக்கிறேன்."