எழுத முடியாத வீடு

ஒரு மாதம் விட்டு ஒரு மாதம், முதல் தேதி காலையில், அண்ணன் லோகநாதன் அப்பாவை என் வீட்டில் கொண்டுவந்து விடுவான். அப்பா வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "புது வீடு ஜோரா இருக்குது அம்மிணி. எப்பக் கட்டுனீங்க?" என்பார். கட்டி இரண்டு வருடமாகிறது. இன்று பன்னிரண்டாவது முறையாக அதையே கேட்டார்.

மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர்களின் ஞாபகம் இப்போதெல்லாம் கழுத்தில்தான் தொங்குகிறது. தீப்பெட்டி அளவு நினைவுப்பேழை. சாதாரண ஹார்ட் டிஸ்க்தான். வீட்டின் இயங்குதளத்தோடு அதை இணைத்தால் அன்றன்று நடப்பது அதில் பதியும். அண்ணன் வீட்டில் ஓடுவது நொச்சி என்ற இயங்குதளம். என் வீட்டில் வாசல் கதவிலிருந்து என் ஆபீஸ் வேலை வரை எல்லாமே வாகை. நொச்சி எழுதிய பேழையை வாகை படிக்கும், ஆனால் அதில் ஓர் எழுத்துகூட எழுதாது. அப்பா இங்கே இருக்கும் முப்பது நாளும் வாகையின் தற்காலிக நினைவில்தான் ஓடும். வயரைக் கழற்றினால் அவருக்கு அது இல்லை.

முதலில் இதற்காக அழுதேன். பிறகு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சௌகரியமாகிவிட்டது.

போன பங்குனியில் ஒரு மதியம், மீட்டிங் நடுவில் என் மேசைமேல் மோரைக் கொட்டிவிட்டார். அவரை ஓங்கி அறைந்துவிட்டேன். அடுத்த முறை சிரித்துக்கொண்டே வந்து "புது வீடு ஜோரா இருக்குது" என்றார். அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாதான் என்னைக் கெடுத்தது. அதற்கப்புறம் மூன்று தடவை கை நீண்டது. ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில் தட்டைப் பிடுங்கி, அவரை அறைக்குள் தள்ளிப் பூட்டினேன். சாயங்காலம்தான் திறந்தேன்.

இன்று அண்ணன் கூடவே ரெஜினா என்ற டெக்னீஷியன் பெண்ணையும் அழைத்து வந்திருந்தான். பேழையைப் பொதுவடிவத்துக்கு மாற்றினால் இரண்டு வீட்டிலும் பதியுமாம். அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பழைய நாளெல்லாம் அழிஞ்சிருச்சுன்னு நெனச்சீங்களா? ஒண்ணும் அழியல. எழுத வழியில்லாம உங்க வாகையில வரிசையா நிக்குது. எழுதிரட்டுமா, அழிச்சிரட்டுமா?"

"வேண்டியத மட்டும்..." என்றேன்.

"அப்படிப் பிரிக்க வராதுக்கா. எழுதினா மொத்தமா, இல்லீன்னா ஒண்ணுமேயில்ல."

"இதென்ன கேள்வி?" என்றான் அண்ணன். "எழுதச் சொல்லு."

"எழுது சாமி," என்றார் அப்பாவும். "எம்மக என்னென்ன ஆக்கிப் போட்டாளோ, ஒண்ணும் நெனப்புல இல்ல. பாவம் அவ."

அழித்துவிடு என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. அதற்குள் ரெஜினா பொத்தானை அழுத்திவிட்டாள்.

நாலு நிமிடம் ஆயிற்று. அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நடுவில் சிரித்தார். "அட, பணியாரம்!" என்றார். அண்ணனும் சிரித்தான். அப்புறம் அப்பாவின் சிரிப்பு நின்றது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் நெனப்பு வந்துருச்சாப்பா?" அண்ணன் குனிந்து கேட்டான். "தங்கச்சி நல்லாப் பாத்துக்கிட்டாளா?"

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பாத்துக்கிட்டா, பாத்துக்கிட்டா," என்றார் அவசரமாக.

அண்ணனும் ரெஜினாவும் கிளம்பினார்கள். கார் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றேன். உள்ளே திரும்பவே பயமாக இருந்தது. எப்படியாவது காலில் விழுந்துவிட வேண்டும் என்று நினைத்து அவர் பக்கம் போனேன். "அப்பா..."

அவர் நாற்காலியோடு சுவரை ஒட்டி நகர்ந்தார். இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் வந்தது.

"அண்ணங்கிட்டச் சொல்ல மாட்டேன் அம்மிணி," என்றார் மெதுவாக. "கதவ மட்டும் பூட்டிறாத."