கண்ணாடியில் நேராக நின்ற எழுத்து

கண்ணாடியில் எழுத்து நேராகத் தெரிந்தது. அதுதான் ஸ்வெர்ரேவை முதலில் உறுத்தியது.

தொலைக்காட்சிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, எதிரே ஒரு நாற்காலியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பின்னால் நின்றபடியே படத்தைப் பார்த்துத் திருகுவது பழுது பார்ப்பவர்களின் வழக்கம். நிகழ்ச்சி இல்லாத பகல் நேரத்தில் ஓடும் சோதனைப் படத்தில் உள்ள நாட்டின் பெயர் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிய வேண்டும். மாறவில்லை.

உள்ளே இரண்டு கம்பிகளை யாராவது மாற்றிக் கொடுத்திருந்தால் திரையில் படமே இடவலம் புரண்டிருக்கும்; கண்ணாடி அதை நேராக்கிக் காட்டும். அப்படித்தான் இருக்கும் என்று முன்பக்கம் போய்ப் பார்த்தான். திரையிலும் எழுத்து நேராகவே இருந்தது.

"ஆர்விட்டும் இப்படித்தான் முன்னயும் பின்னயும் நடந்தான்," என்றாள் பெட்டியின் சொந்தக்காரி போர்கில்ட், பின்னல் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஆர்விட் அவனுடைய கடைக் கூட்டாளி. பன்னிரண்டு நாளைக்கு முன் இதே பெட்டிக்குப் பின்னால் செத்துக் கிடந்தான். இரண்டு உள்ளங்கைகளும் கருகியிருந்தன.

"குடிச்சிருந்தானா?"

"காபி குடிச்சான், ரெண்டு கப். ஊர்வாய் அதச் சாராயமாக்கிடுச்சு! இந்தப் பெட்டியத் தூக்கிக் கடல்ல போடு ஸ்வெர்ரே. எனக்கு ரேடியோ போதும்."

"போட்டா அவன் கவனமில்லாம செத்தான்னே ஆயிடும். கரண்ட் ஓடுற பெட்டிக்குள்ள அவன் ஒரு கையத்தான் விடுவான். இன்னொரு கை எப்பவும் பேன்ட் பாக்கெட்டுல; ரெண்டு கையும் பட்டா கரண்ட் நெஞ்சு வழியா பாயும். இருபது வருஷமா பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்."

"அவனுக்குக் கை நடுக்கம்னு என் தம்பி சொன்னான்."

"மீன் கிடங்குல பெட்டி எண்ணுற ஆளுக்கு என்ன தெரியும்? வரச் சொல்லுங்க. பழுது எதுன்னு அவன் மூஞ்சிக்கு நேரா காட்டுறேன்."

"பிடிவாதக்காரன்," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

படத்தின் அடிப்பகுதி மேலே மடிந்து வெள்ளைப் பட்டையாகக் கிடந்தது. உள்ளே விளக்குபோல் எரியும் வால்வைப் புதிதாக மாற்றியும் சரியாகவில்லை. இடது கையைப் பாக்கெட்டில் விட்டு, வலது கையால் உயரம் கூட்டும் திருகைத் தொட்டான். சூடேறிய தூசியின் வாசனையும், சன்னல் இடுக்கில் நுழைந்த கருவாட்டு வாசனையும், காதுக்குள் ஊசிபோல் இறங்கிய மெல்லிய கீச்சொலியும் சேர்ந்து, குளிர்காலம் என்பதால் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கிய அந்த அறையை இன்னும் சிறிதாக்கின. பட்டை மெல்லக் கீழே இறங்கியது. மடிப்பு நீங்கியது. படம் முழுதாக நின்றது.

கண்ணாடியில் பெட்டிக்கு மேலே அவன் முகம் தெரிந்தது. தோள்கள் தெரிந்தன.

இரண்டு தோள்களும் முன்னே சாய்ந்திருந்தன. இரண்டு கைகளும் பெட்டிக்குள்.

ஸ்வெர்ரே பாக்கெட்டுக்குள் விரல்களை மடக்கிப் பார்த்தான். இடது கை அங்கேதான் இருந்தது.

வலது கையை உருவினான். வரவில்லை. விரல்கள் திருகை விடவில்லை.

"போர்கில்ட், பிளக்கப் பிடுங்குங்க."

ஊசிகள் தரையில் விழுந்தன. "பிடுங்கிட்டேன். என் கையிலதான் இருக்கு."

கீச்சொலி நிற்கவில்லை. வால்வுகள் சிவந்தே எரிந்தன.

பாக்கெட்டுக்குள் இடது கை அசைந்தது. அவன் அசைக்கவில்லை.

"இப்படித்தான் அவனயும் இழுத்தியா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினான். "என்கிட்ட நடக்காது."

கட்டைவிரல் வெளியே வந்தது. பிறகு மணிக்கட்டு. கை மேலே ஏறியது.

குனிந்து சட்டையின் இடது கைமுனையைப் பற்களால் கவ்வினான். துணி கிழியும் சத்தம். இன்னும் அழுத்திக் கவ்வினான். தோலும் பல்லில் பட்டது. ரத்தம் உப்புக் கரித்தது. விடவில்லை.

கண்ணாடியில் இருந்தவன் எதையும் கவ்வவில்லை. முழங்கைவரை இரண்டு கைகளையும் உள்ளே விட்டபடி, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.