தலைமுழுகிய பெயர்

சாயல்குடி பேருந்தில் வந்து இறங்கிய மருமகள் உமாமகேஸ்வரியைச் செல்லச்சாமி வாசல்வரை வந்து அழைக்கவில்லை. அந்த வீட்டு ஆண்கள் எதிர்கொண்டு அழைப்பது சம்பந்திகளை மட்டும்தான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பின்கட்டில் இருந்த நெல் அறையைத் திறந்துவிட்டார். கணினி அங்கேதான் இருந்தது.

குலதெய்வக் கோயில் குடமுழுக்கு மலரில் குடும்ப வரலாறு அச்சாகிறது. ஊரார் சொன்னதையெல்லாம் மகன் முனீஸ்வரன் சிறுசிறு குறிப்புகளாகக் கணினியில் சேர்த்திருந்தான். இப்போது இராமநாதபுரம் அச்சகத்தில் காத்திருக்கிறான். பொழுது சாய்வதற்குள் குறிப்புகளை அனுப்பியாக வேண்டும். அதற்குமுன் ஒரு பெயர் தொலைந்தாக வேண்டும். மகன் மறுத்துவிட்டான், மருமகள் மறுக்க மாட்டாள் என்று நம்பினார்.

“இந்தக் கறுப்புத் திரையில வார்த்தையை அடிச்சாப் போதும் மாமா. அது இருக்குற குறிப்பெல்லாம் வந்து நிக்கும்.”

“ராக்குன்னு அடி.”

வரிசையாக வந்து நின்றன. உமா படித்துவிட்டுத் திரும்பினாள். “ஒங்களுக்கு அக்கா இருந்தாகளா?”

“தலைமுழுகியாச்சு. எல்லாத்தையும் அழி.”

தொண்டிக்காரன் ஒருவனைத்தான் கட்டுவேன் என்று ராக்கு நின்றபோது, உயிரோடிருந்த மகளுக்கு அய்யா தலைமுழுகினார். அதன்பின் அவள் பெயரைச் சொல்லக் கூடாது. அவள் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. வெளியே தாழ்ப்பாள் போட்ட இதே நெல் அறைக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சத்தம் ஓய்ந்தது. குடும்பம் தலை நிமிர்ந்து நின்றது.

‘அழிக்கவா?’ என்று திரை கேட்டது. ஆம் என்றாள் உமா. குறிப்புகள் மறைந்தன.

“இன்னொருக்காத் தேடு.”

மேல்நோக்கிய அம்புக்குறி விசையைத் தட்டினாள். முன்பு அடித்த கட்டளை திரும்ப வந்தது. ஒரே ஒரு குறிப்பு இருந்தது.

‘தம்பி, கதவைத் திற.’

“ஒம் புருசன் அங்கன இருந்துக்கிட்டு விளையாடுறான்.”

“நெட்டையே இன்னும் போடல மாமா.” அவள் குரல் இறங்கிவிட்டது. “இப்பத்தான் எழுதுனதுன்னு நேரம் காட்டுது.”

அழித்தாள். தேடினாள்.

‘தம்பி, தண்ணி.’

உச்சி வெயில். வெளியே கருவேல இலைகூட அசையவில்லை. ஆனாலும் கதவு மெல்ல வந்து சாத்திக்கொண்டது.

வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

நெல்லுமி வாடைக்குள் வேறொரு வாடை எழுந்தது. ஈரத் தலைமுடியின் வாடை. உமா கதவைக் கையால் அறைந்தாள், தோளால் முட்டினாள். வீட்டில் வேறு யாருமில்லை.

“மாமா, அவுக பேரத் திரும்ப எழுதிருவோம்.”

“எழுதுனா இந்த வீட்டு வாசல மிதிக்காத!”

“மொதல்ல வாசலுக்குப் போக வேணாமா?”

திரும்பி வந்து அடித்தாள். ‘ராக்கு. செல்லச்சாமியின் உடன்பிறந்த அக்காள்.’

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. உமா ஓடினாள்.

செல்லச்சாமி ஓடவில்லை. ஓடிப் பழக்கமில்லாதவர். அந்த வரியை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் ஒப்பவில்லை. மருமகள் தட்டிய விசை எது என்று பார்த்து வைத்திருந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அதைத் தட்டினார். பழைய கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்தன. ‘அழி’ என்ற சொல் வந்ததும் நிறுத்தினார். அதன் பக்கத்தில் இருந்த பெயரை அவர் படிக்கவில்லை.

‘அழிக்கவா?’

ஆம்.

பிறகுதான் படித்தார்.

‘செல்லச்சாமி. அழிக்கப்பட்டது.’

அவருக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. திரையும் அணைந்தது.

எழுந்து போய்க் கதவிடுக்கில் கண் வைத்தார். முற்றத்தில் உமா நின்றிருந்தாள். முகத்தில் பயமே இல்லை. கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

“குறிப்பெல்லாம் அனுப்பிட்டேங்க. சாந்தரம் பஸ்ஸுக்குக் கெளம்பி வாரேன். பூட்டிக் கெடக்குற வீட்டுல எனக்கென்ன வேலை? இங்கன யாரு இருக்கா?”

“உமா!” என்றார். “ஏத்தா, உமா!”

கதவைக் குத்தினார். அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

முனீஸ்வரனின் பெயரைச் சொல்லிக் கத்தினார். இறந்துபோன அய்யாவைக் கத்திக் கூப்பிட்டார். தொண்டை கட்டும்வரை, தெரிந்த பெயரையெல்லாம் கூப்பிட்டார்.

ஒரு பெயரை மட்டும் கூப்பிடவில்லை.

இருட்டுக்குள், அவர் காதருகே, ஈரக் கூந்தல் உரசியது.

“ஏன்டா தம்பி?”