மூச்சு வாங்காத பாட்டு

பாட்டில் யாரும் மூச்சு வாங்கவில்லை.

முதல் தடவை கேட்டபோதே அவளுக்கு அது தட்டுப்பட்டது. மூன்று குரல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக ஈரத்துணியை விரித்ததுபோல் படிந்து, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. பின்னால் எங்கோ ஒரு கிடார், யாரோ அரைத்தூக்கத்தில் கம்பிகளைத் தடவுவதுபோல. சோகமான பாட்டுதான், ஆனால் அழுது வடியாத சோகம், மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும் கூரையின் சோகம். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடத்தில் எந்தப் பாடகருக்கும் காற்று கொஞ்சம் உள்ளே போகும். இங்கே போகவில்லை. பாட்டு முடியும்வரை போகவே இல்லை.

மற்றவர்கள் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவளுக்கு இதுதான் பிழைப்பு. வாசித்துப் பதிவு செய்த புத்தகங்களிலிருந்து வாயின் சத்தங்களை நீக்குவது. ஒருவர் மணிக்கணக்காக வாசிக்கும்போது சொற்கள் மட்டுமா வருகின்றன? நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரியும் சத்தம், ஒட்டிய உதடுகள் விடுபடும் சத்தம், எச்சில் உருண்டு தொண்டைக்குள் இறங்கும் சத்தம். கணினித் திரையில் ஒவ்வொன்றும் மெல்லிய முள்ளாக நிற்கும். அவள் ஒவ்வொரு முள்ளையும் பிடுங்குவாள். கேட்கிறவர்களுக்கு அங்கே ஒரு குரல் இருந்தது என்று தெரியலாம். ஒரு வாய் இருந்தது என்று தெரியக் கூடாது.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய்ச்சத்தம் ஆகாது. அப்பா தட்டை வழித்து உறிஞ்சும்போது காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவாள். "உன்னைக் கட்டிக்கறவன் நெசமாவே வாயில்லாப் பூச்சியா இருக்கணும்டி" என்பாள் அம்மா. அப்படி ஒரு பூச்சி கிடைக்கவில்லை. தங்கையோடுதான் இருந்தாள்.

வாசிப்பவள் தங்கை. வீட்டின் சாமான் அறையில் நான்கு பக்கமும் தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு நாற்காலியும் மைக்கும் போட்டிருந்தார்கள். தங்கையின் குரலுக்காகவே பதிப்பகம் இவர்களுக்கு வேலை கொடுத்தது. வெதுவெதுப்பான, கேட்கிறவரின் பக்கத்தில் வந்து உட்காரும் குரல். அதில் ஒரே குறை, முன்பற்களுக்கு நடுவில் இருந்த சிறு இடைவெளி. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் அங்கே எச்சில் சிக்கி, வெள்ளரி விதை நசுங்குவதுபோல் ஒரு 'டிக்' வரும். அந்தச் சத்தத்தை ஆயிரம் வாய்களுக்கு நடுவிலும் அவளால் அடையாளம் சொல்ல முடியும். அவ்வளவு பிடுங்கியிருக்கிறாள்.

"எச்சில் இன்ஸ்பெக்டர் வந்துட்டாங்க" என்று தங்கை கேலி செய்வாள்.

"நீ துப்புறதை அள்ளித்தான் நாம சோறு சாப்பிடுறோம். வாயை மூடு."

"மூடிட்டா யாரு வாசிக்கறது?"

ஒரு நாள் வேலை முடிந்து, காதுக்குள் யாரோ நக்கிவிட்டுப் போனதுபோல் இருந்தபோதுதான் அந்தப் பாட்டு கிடைத்தது. எதையோ கேட்டு முடிக்க, கைபேசி தானாக அடுத்ததை ஓட்டியது. குழுவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும். படத்தில் மூன்று பேர் ஒரு சோபாவில், பல் மருத்துவரின் முன்னால் உட்கார்ந்தவர்களைப்போல் தலையைப் பின்னால் சாய்த்து, மோவாய்களை உயர்த்தியிருந்தார்கள். முகம் தெரியவில்லை. கேட்டவர்கள் கீழே ஏதேதோ எழுதியிருந்தார்கள். 'இதைக் கேக்க ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்குத் தாகமே எடுக்கறதில்ல' என்று ஒருவர். 'எனக்கும்' என்று இன்னொருவர். பாராட்டின் ஒரு வகை என்று நினைத்துக்கொண்டாள். மூச்சில்லை, எச்சிலில்லை, வாயே இல்லை. இவ்வளவு சுத்தமான பாட்டை அவள் கேட்டதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அடுத்த வாரம் அவள் ஒரு தப்புச் செய்தாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

ஒரு முள்ளைப் பிடுங்கினால் அந்த இடம் ஓட்டையாகிவிடும். அதை வெறுமையாக விட்டால் கேட்பவரின் காது திடுக்கிடும். ஒவ்வொரு அறைக்கும் அதற்கே உரிய ஓர் அமைதி உண்டு, அதைக் கொண்டுதான் அடைக்க வேண்டும். அதற்காகவே வாசிக்கும் முன் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்து அறையின் அமைதியைப் பதிவு செய்து தர வேண்டும். தங்கை பெரும்பாலும் மறந்துவிடுவாள்.

"சும்மா உக்காந்திருக்கறதைக்கூட சரியா செய்ய மாட்டியா?"

"அதுக்கு உன்னை மாதிரி பிறவி ஞானம் வேணும்க்கா."

கையில் இருந்த புத்தகம் அன்றே பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். அறையில் புதிதாகப் பதிவு செய்யலாமென்றால் பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பாட்டின் கடைசியில் வரும் அமைதி நினைவுக்கு வந்தது. குரல்கள் அடங்கிய பிறகு நீளமாக, கனமாக, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் வரும் அமைதி. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, தங்கையின் வாசிப்பில் இருந்த ஓட்டைகளில் எல்லாம் ஒட்டினாள். எங்கே ஒட்டினாலும் பொருந்தியது. அந்த அறைக்கென்றே அளவெடுத்ததுபோல் பொருந்தியது. பிறகு வந்த புத்தகங்களுக்கும் அதையே வைத்துக்கொண்டாள்.

ஒட்டி முடித்த ஒவ்வொரு அத்தியாயத்தையும் உச்சரிப்பு சரிபார்க்கத் தங்கைதான் கேட்பாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மத்தியானம் முழுவதும்.

மாற்றம் நல்லதாகத்தான் வந்தது. திரையில் முட்கள் குறைந்தன. பிறகு இல்லவே இல்லை. தங்கை தொடக்கம் முதல் முடிவுவரை வாசித்துத் தந்தாள், ஒரு 'டிக்' கிடையாது. நாள் முழுவதும் எடுத்த வேலை சாயங்காலத்துக்குள் முடிந்தது. அவள் சந்தோஷப்பட்டாள். வாசிப்பில் மூச்சும் குறைந்துகொண்டு வருகிறது என்பதை அவள் காது சொன்னது; அதைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

சாமான் அறையில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. பூ ஜாடியில் பல நாள் மாற்றாத தண்ணீரின் வாடை. குழந்தை சப்பிச் சப்பிப் போட்ட துணியின் புளித்த இனிப்பு. போர்வைகளைத் துவைத்தாள். போகவில்லை. மைக்குக்கு மாட்டியிருந்த பஞ்சு உறையைக் கழற்றியபோது விரல்கள் அதற்குள் அமிழ்ந்தன. லேசாக அழுத்தினாள். கோழையாக, வெதுவெதுப்பாக, விரலிடுக்கில் நூல் விட்டு வழிந்தது. ஓடிப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். தோல் சிவந்த பிறகும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிவதுபோலவே இருந்தது.

"மைக்கை என்னடி பண்ணுற, நக்குறியா?"

தங்கை சிரித்தாள். உதடுகள் பிரியாமல் சிரித்தாள். நாற்காலியின் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர், டம்ளரில் தூசி படிந்து அப்படியே இருந்தது.

"தண்ணி குடிக்கலையா?"

"தாகமே எடுக்கலக்கா."

அவளுக்கு எங்கேயோ இடித்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம், வெகுநாள் கழித்து, அந்தப் பாட்டை மறுபடி போட்டாள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். முதல் குரல். அதன்மேல் இரண்டாவது. மூன்றாவது. பிறகு, அவள் கேட்டே இராத ஓர் இடத்தில், மற்ற மூன்றுக்கும் அடியில் நுழைந்துகொண்டு, நான்காவது.

வெதுவெதுப்பான குரல். பக்கத்தில் வந்து உட்காரும் குரல்.

பாட்டை எடிட்டிங் திரையில் ஏற்றி, நான்காவது குரலை மட்டும் தனியே பிரித்து, பெரிதாக்கினாள். குரல் என்றால் திரையில் அது வளைந்து வளைந்து போகும் நூலாகத் தெரிய வேண்டும். நூல் இல்லை. இன்னும் பெரிதாக்கினாள். முட்கள். வரிசை வரிசையாக, இடைவெளி இல்லாமல், மயிர்போல் அடர்ந்த முட்கள். மெதுவாக ஓட்டினாள்.

டிக். டிக். டிக்.

அது பாடவில்லை. யாரும் பாடவே இல்லை. உதடுகள் பிரிகின்றன, நாக்கு விடுபடுகிறது, எச்சில் உருள்கிறது; அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி, வேகமாக ஓட்டினால், தூரத்திலிருந்து கேட்டால், சோகம். அவள் கண் கலங்கிக் கேட்ட சோகம். மற்ற மூன்றையும் பிரித்துப் பார்த்தாள். அவையும் அப்படியேதான். யார் யாருடைய வாய்களோ. அத்தனை நாளும் அதைத்தான் காதுக்குள் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான்காவதற்குத் திரும்பினாள். ஒரு முள்ளை மட்டும் எடுத்துக் கேட்டாள். வெள்ளரி விதை நசுங்கியது. அடுத்தது. விதை. அடுத்தது. விதை. காணாமல் போன 'டிக்' எல்லாம் இங்கே இருந்தன.

ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தாள்.

பாட்டு நிற்கவில்லை.

கணினியை அணைத்தாள். சாமான் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. மூக்கைப் பொத்தினாள், நாக்கில் தெரிந்தது. போர்வைகள் நனைந்து தொங்கின. இருட்டில் மைக்கின் பச்சை விளக்கு மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. நாற்காலியில் தங்கை. தலை பின்னால் சாய்ந்திருந்தது. மோவாய் உயர்ந்திருந்தது. உதடுகள் மூடியிருந்தன.

"குட்டி."

தங்கையின் நெஞ்சில் கை வைத்தாள். சூடாக இருந்தது. ஏறவில்லை. இறங்கவில்லை.

"குட்டி, வாயைத் தொற. அக்கா பாக்கறேன். தொறடா."

தாடையைப் பிடித்தாள். எந்த வாயின் சத்தத்துக்கு வாழ்நாளெல்லாம் அருவருத்தாளோ அந்த வாய்க்குள் விரலை விட்டாள். வழுக்கியது. தங்கையின் எச்சில் அவள் மணிக்கட்டு வரை வழிந்தது. உமட்டிக்கொண்டு வந்தது. விடவில்லை. இது தங்கை. இந்த உலகத்தில் அவளுக்கு இருக்கும் ஒரே ஆள். உதடுகள் விடுபட்டன.

சத்தமே இல்லை.

கைபேசியின் டார்ச்சை அடித்தாள். பற்கள். நடுவில் அந்தச் சின்ன இடைவெளி. அசையாமல் கிடக்கும் நாக்கு. அதற்குப் பின்னால், உள்நாக்கு தொங்க வேண்டிய இடத்தில், ஊறிப்போன சதையின் வெளுப்பில், பக்கம் பக்கமாக, சின்னச் சின்ன உதடுகள். கைக்குழந்தையின் உதடுகள் அளவுதான். மூன்று ஜோடி. திறந்தன. மூடின. ஒவ்வொன்றுக்கும் நடுவில் எச்சில் நூலாக நீண்டு அறுந்தது. பாடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில் புதிதாக ஒன்று, இன்னும் சிவப்பு மாறாதது. அதற்குள் அரிசிபோல் இரண்டு பற்கள். பற்களுக்கு நடுவில் இடைவெளி.

தங்கையின் உதடுகள் அசையவில்லை. அசைந்தது அதுதான்.

"அக்கா" என்றது. வெதுவெதுப்பாக.

அதற்குப் பக்கத்தில் சதை லேசாகப் பிளந்திருந்தது. நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு. ஈரமாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்புகள் உதடுகளாகத் தடித்தன.

அவள் வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினாள்.

சத்தம் கேட்கவில்லை.